ஓரறைப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை: அமெரிக்கப் புல்வெளி மாநிலங்களுக்கான வழிகாட்டி

நெப்ராஸ்கா, கன்சாஸ், அயோவா, டகோட்டா பக்கம் காரில் போனால் சோள வயலின் ஓரத்தில் ஆளில்லாமல் நிற்கும் சின்னக் கட்டடங்கள் கண்ணில் படும். பக்கத்துக்கு மூன்று சன்னல், முகப்பில் ஒரு கதவு, கூரைமேல் மணிக்கூண்டு இருந்த தடம். குடியேறிய விவசாயிகள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிக்கொண்ட ஓரறைப் பள்ளிகள் அவை. 1929-30இல்கூட அமெரிக்காவில் ஏறத்தாழ 1,49,000 ஓராசிரியர் பள்ளிகள் நடந்தன. 1959-60க்குள் அது 20,000 அளவுக்குச் சுருங்கியது. அடுத்த பத்தே ஆண்டுகளில் 2,000க்கும் கீழே போய்விட்டது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்று எழுபது, எண்பது வயது. ஒரு பள்ளியின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நினைத்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். “இந்தப் பள்ளி 1872இல் தொடங்கியது” என்று பலகையில் எழுதிவிடுகிறார்கள். 1872இல் தொடங்கியது எது? வரி வசூலிக்கும் அதிகாரம் பெற்ற பள்ளி டிஸ்டிரிக்ட்டா, அந்த மனையா, இன்று நிற்கும் கட்டடமா, அல்லது அந்தப் பெயர் மட்டுமா? இவை நான்கும் வெவ்வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிறப்பு, தனி முடிவு உண்டு.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1871இல் டிஸ்டிரிக்ட் அமைகிறது. முதல் வகுப்பு ஒருவருடைய நிலத்தில், புல்தரையை வேரோடு வெட்டி அடுக்கிய மண்வீட்டில் நடக்கிறது. 1884இல் அரை மைல் தள்ளிப் பலகைக் கட்டடம் எழும்புகிறது. 1919இல் அது பழுதாகி விற்கப்பட, அதே மனையில் புதிய கட்டடம் வருகிறது. 1952இல் வகுப்புகள் நிற்கின்றன. ஆனால் டிஸ்டிரிக்ட் மட்டும் இன்னும் சில ஆண்டுகள் ஏட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளை நகரப் பள்ளிக்குக் கட்டணம் கொடுத்து அனுப்புகிறது. கட்டடம் ஏலம் போய் வேறொரு பண்ணையில் தானியக் கொட்டடியாகிறது. இதில் “பள்ளியின் ஆண்டு” என்று ஒற்றை எண்ணைச் சொல்லவே முடியாது.

ஆகவே முதல் வேலை நான்கு குறிப்பேடுகள் போடுவது: டிஸ்டிரிக்ட், மனை, கட்டடம், பெயர். கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் எந்த ஏட்டுக்கு உரியது என்று தீர்மானித்த பிறகே எழுதுங்கள். தீர்மானிக்க முடியாவிட்டால் “எதைக் குறிக்கிறது தெரியவில்லை” என்று தனித்தாளில் வையுங்கள். தகவலோடு அது எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம், எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதும் சேர வேண்டும். ஆறு மாதம் கழித்து இரண்டு தேதிகள் மோதும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

பெயரைத் தனி ஏடாக வைக்கச் சொல்வதற்கு நல்ல உதாரணம் நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் ஊருக்கு அருகிலுள்ள ஃப்ரீமன் பள்ளி. 1872இல் கட்டிய செங்கல் கட்டடம். 1967 வரை வகுப்பு நடந்தது. இப்போது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. குடியேறிகளுக்கு அரசு நிலம் வழங்கிய ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் முதன்முதலில் நிலம் கோரியவர்களில் ஒருவராகப் புகழ்பெற்ற டேனியல் ஃப்ரீமனின் பெயர்தான் இது என்று கேட்டவுடன் தோன்றும். ஆனால் அதே வட்டாரத்தில் செங்கல் சுட்ட தாமஸ் ஃப்ரீமன் என்று இன்னொருவரும் இருந்தார். யார் பெயரால் பள்ளி அழைக்கப்பட்டது என்பது தீர்க்கப்படாத கேள்வி. இரண்டு சாத்தியங்களையும் அப்படியே எழுதுவதுதான் நேர்மை.

இடத்தைக் கண்டுபிடித்தல்

ஏடுகளைத் தேடும் முன் இடத்தை நில அளவை மொழியில் சொல்லத் தெரிய வேண்டும். அது தெரியாமல் பத்திர அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

1785ஆம் ஆண்டு நில ஆணைப்படி நிலம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். இன்று காணும் வரிசைப்படி எண்ணிக்கை வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசையில் திரும்பி 7 முதல் 12 வரை கிழக்கே வரும். இப்படியே மடங்கி மடங்கிப் போய் 36 தென்கிழக்கு மூலையில் முடியும். “தென்மேற்குக் காலின் வடகிழக்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, ஆறாவது முதன்மைத் தீர்க்கரேகை” என்று பத்திரத்தில் இருந்தால் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். அளவைக்குத் தொடக்கக் கோடான தீர்க்கரேகை எது என்று பார்த்து, கிழக்கு மேற்கு வரிசையைச் சொல்லும் ரேஞ்ச் எண்ணையும் வடக்கு தெற்கு வரிசையைச் சொல்லும் டவுன்ஷிப் எண்ணையும் கொண்டு டவுன்ஷிப்பைக் கண்டுபிடித்து, அதில் செக்‌ஷன் 14ஐ எடுத்து, அதன் தென்மேற்குக் கால் பகுதியான 160 ஏக்கரைப் பிரித்து, அதற்குள் வடகிழக்கு மூலையின் 40 ஏக்கருக்கு வந்து சேரலாம். நெப்ராஸ்காவும் கன்சாஸும் முழுக்க ஆறாவது முதன்மைத் தீர்க்கரேகையைச் சேர்ந்தவை. தீர்க்கரேகையைக் குறிக்காமல் விட்டால் அதே டவுன்ஷிப், ரேஞ்ச் எண்கள் வேறு மாநிலத்திலும் கிடைக்கும்.

இங்கே பரவலாக நடக்கும் ஒரு தவறு. அந்த 1785 ஆணை ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் செக்‌ஷனைப் பள்ளிக்கூடங்களுக்காக ஒதுக்கியது. 1848இல் ஆரிகன் பிரதேசத்திலிருந்து தொடங்கி 36ஆம் செக்‌ஷனும் சேர்ந்தது. இதைப் படித்தவர்கள் பள்ளிக் கட்டடம் 16இலோ 36இலோதான் இருந்திருக்கும் என்று தேடுகிறார்கள். அந்த நிலம் பள்ளி கட்டுவதற்கு அல்ல. விற்றோ குத்தகைக்கு விட்டோ பள்ளி நிதிக்கு வருமானம் சேர்ப்பதற்கு. கட்டடம் பிள்ளைகள் நடந்து வரக்கூடிய இடத்தில், பெரும்பாலும் இரண்டு பாதைகள் சந்திக்கும் மூலையில், யாரோ ஒரு விவசாயி கொடுத்த நிலத்தில் நின்றது.

இடத்தைக் குறிக்க மூன்று வகை வரைபடங்களைப் பாருங்கள். கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவு) நில உடைமை வரைபட நூல்களில் உரிமையாளர் பெயரோடு பள்ளியும் சிறு குறியாக இருக்கும். ஒரே கவுண்டிக்கு பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு மூன்று பதிப்புகளை அடுத்தடுத்து வைத்தால் பள்ளி இடம் மாறியது தெரிந்துவிடும். அமெரிக்க நில ஆய்வுத் துறையின் பழைய நிலத்தோற்ற வரைபடங்களில் சின்னச் சதுரத்தின் மேல் கொடி நட்டதுபோன்ற குறி பள்ளியைக் காட்டும். இவற்றை இலவசமாகப் பதிவிறக்கலாம். மூன்றாவது, 1930களின் பிற்பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட வான்வழிப் படங்கள். வரைபடத்தில் குறி இருப்பதால் அந்த ஆண்டில் வகுப்பு நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். பழைய பதிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள்.

பள்ளி எண்ணிலும் கவனம் வேண்டும். நெப்ராஸ்காவிலும் கன்சாஸிலும் எண் கவுண்டி அளவில் ஓடும். அயோவாவில் டவுன்ஷிப் ஒவ்வொன்றுக்கும் தனியாக எண் போட்டார்கள். இரண்டு மைலுக்கு ஒரு பள்ளி என்ற கணக்கில் ஒரு டவுன்ஷிப்பில் ஒன்பது பள்ளிகள் அமைவது வழக்கம். அந்த மாநிலத்தில் மட்டும் 12,000க்கு மேல் கிராமப் பள்ளிகள் இருந்தன. டவுன்ஷிப் பெயர் இல்லாத “அயோவா, 5ஆம் எண் பள்ளி” என்ற குறிப்பால் பயனில்லை: ஒரே கவுண்டியில் பத்துப் பன்னிரண்டு ஐந்தாம் எண் பள்ளிகள் இருக்கும். கவுண்டி எல்லைகள் மாறியபோது எண்களும் மாறின. இரண்டு கவுண்டிகளின் எல்லையில் இருந்த கூட்டு டிஸ்டிரிக்ட்டுக்கு இரண்டு எண்கள்கூட இருந்திருக்கலாம்.

மனைப் பத்திரம்

கவுண்டி பத்திரப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தவர், பெற்றவர் என இரண்டு அகரவரிசைகள் இருக்கும். பெற்றவர் பட்டியலில் பள்ளியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. “ஸ்கூல் டிஸ்டிரிக்ட்”, “டிஸ்டிரிக்ட்”, “கூட்டு” என்று மூன்று தலைப்புகளிலும் தேடுங்கள். அப்படியும் இல்லையென்றால் அந்த 40 ஏக்கரின் உரிமையாளர்களை வரிசையாகப் பின்தொடருங்கள். அரசு முதன்முதலில் வழங்கிய பட்டயத்தைக் கூட்டரசின் நில நிர்வாகத் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கிருந்து கீழ்நோக்கி வரலாம்.

அளவு “ராட்” கணக்கில் இருக்கும். ஒரு ராட் 16½ அடி. 160 சதுர ராட் ஒரு ஏக்கர். “10க்கு 16 ராட்” என்றால் சரியாக ஒரு ஏக்கர். பள்ளி மனைகள் பெரும்பாலும் அரை ஏக்கரிலிருந்து இரண்டு ஏக்கருக்குள் அடங்கும்.

பத்திரத்தின் கடைசிப் பத்தியைத் தவறாமல் படியுங்கள். “பள்ளிக்காகப் பயன்படும் வரை” என்ற நிபந்தனை இருந்தால், பள்ளி மூடியதும் மனை மூலப் பண்ணைக்குத் திரும்பிவிடும். நிலம் போய்க் கட்டடம் மட்டும் டிஸ்டிரிக்ட் கையில் நின்ற இடங்களில் அதை ஏலம் விட்டு, மரச் சட்டங்கள்மேல் ஏற்றி நகர்த்திக்கொண்டு போனார்கள். உங்கள் பள்ளி மனையில் இன்று வெறும் வயல்தான் என்றால் கட்டடம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு மூன்று மைல் சுற்றளவில் வீடாக, கொட்டடியாக, டவுன்ஷிப் மன்றமாக நின்றுகொண்டிருக்கலாம்.

பத்திரமே இல்லாத பள்ளிகளும் உண்டு. வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலத்தில் அரை நூற்றாண்டு வகுப்பு நடந்திருக்கும். அப்போது வரிப் பதிவேட்டில் அந்தச் செக்‌ஷனில் “விலக்கு” என்று குறித்த துண்டு நிலம் எந்த ஆண்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

டிஸ்டிரிக்ட்டின் ஏடுகள்

உயிர் இருப்பது இங்கேதான். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

ஒரு கிராம டிஸ்டிரிக்ட்டைச் சாதாரணமாக மூன்று பேர் கொண்ட குழு நடத்தியது. எழுத்தர் பொறுப்பில் இருந்தவர் கூட்டக் குறிப்பேட்டை வைத்திருந்தார். பொருளாளர் கணக்கேட்டை வைத்திருந்தார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எழுதினார். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றின் சுருக்கமும் கவுண்டி கல்விக் கண்காணிப்பாளருக்குப் போனது. அந்த அலுவலகங்கள் கலைக்கப்பட்டபின் ஏடுகள் சிதறின. தேட வேண்டிய வரிசை: மாநில ஆவணக் காப்பகம் அல்லது மாநில வரலாற்றுக் கழகம், கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளம், கவுண்டி அருங்காட்சியகம், இணைத்துக்கொண்ட நகர டிஸ்டிரிக்ட்டின் அலுவலகம், கடைசியாக எழுத்தராக இருந்தவரின் குடும்பம். ஐந்தாவது இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் குறிப்பேடு பரணில் கிடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஆண்டுக் கூட்டக் குறிப்பில் வரி எவ்வளவு, எத்தனை மாதம் பள்ளி, குளிர்காலத்துக்கு ஆண் ஆசிரியரா பெண் ஆசிரியரா, விறகோ நிலக்கரியோ யார் என்ன விலைக்குத் தருவது, எல்லாம் தீர்மானமாக இருக்கும். கட்டடம் எப்போது எழும்பியது என்பதற்கு மிக நம்பகமான சான்று கடன் பத்திரம் வெளியிட நடந்த வாக்கெடுப்பும், அதற்கடுத்த மாதங்களில் பொருளாளர் ஏட்டில் வரும் மரம், ஆணி, சுண்ணாம்பு, தச்சர் கூலிச் செலவுகளும். திறப்பு விழாச் செய்தியைவிட இவற்றை நம்புங்கள்.

ஆசிரியர் பட்டியல் தயாரிக்கும்போது இரண்டு சிக்கல் வரும். பழைய காலத்தில் குளிர்காலப் பருவம், கோடைப் பருவம் என ஆண்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. பெரிய பையன்கள் வயல் வேலை இல்லாத குளிர்காலத்தில்தான் வருவார்கள். இரு பருவத்துக்கும் வெவ்வேறு ஆசிரியர் இருந்திருக்கலாம். ஆண்டுக்கு ஒரு பெயர் என்று கட்டம் போட்டால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். ஆகவே பருவத்துக்கு ஒரு வரி போடுங்கள். இரண்டாவது சிக்கல், திருமணத்தால் குடும்பப் பெயர் மாறிய பெண்கள். ஒரே ஆசிரியை இரண்டு பேராக எண்ணப்படுவார். கவுண்டி திருமணப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கையில் நடக்கும் குழப்பம் இதைவிடப் பெரியது. ஏடுகளில் மூன்று எண்கள் இருக்கும். பள்ளிக் கணக்கெடுப்பு என்பது டிஸ்டிரிக்ட் எல்லைக்குள் வாழும், பள்ளி வயதுக்கு உட்பட்ட அனைவரின் பட்டியல். பல மாநிலங்களில் அந்த வயது 5 முதல் 21 வரை. மாநில நிதியைப் பங்கிட எடுத்த கணக்கு என்பதால் ஒருநாள்கூடப் பள்ளிக்கு வராதவரும் அதில் இருப்பார். சேர்க்கை என்பது பெயர் பதிந்தவர்கள். சராசரி வருகை என்பது அன்றாடம் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். 48, 31, 17 என்று மூன்று எண்களும் ஒரே ஆண்டுக்கு உரியவையாக இருக்க முடியும். எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். கணக்கெடுப்பு ஏட்டில் பெற்றோர் பெயரும் இருப்பதால் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு அது மிகவும் உதவும்.

பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஏடுகளிலும் நினைவுகளிலும் அடிக்கடி காண்பீர்கள். தமிழ் வாசகருக்குத் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை உடனே நினைவுக்கு வருவார். அந்தத் தொடர்பு நிஜமாகவே இருக்கிறது. பாதிரியார் ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியில், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அமைத்த, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் மெட்ராஸ் முறையும், அதை ஒட்டிய லங்காஸ்டர் முறையும் இங்கிலாந்தில் பரவின. 1806இல் நியூயார்க்கில் லங்காஸ்டர் முறைப் பள்ளி தொடங்கியது. ஆனால் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்த நகரப் பள்ளிகளின் கதை. புல்வெளியில் ஒரே ஆசிரியர் எட்டு வகுப்புகளைச் சமாளிக்க மூத்தவர்களைத் துணைக்கு அழைத்ததற்கு எந்த முறையும் தேவைப்படவில்லை. ஏட்டில் சான்று இல்லாமல் இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

கட்டடத்தைப் படித்தல்

ஏடு சொல்வது இந்தக் கட்டடத்தைப் பற்றித்தானா என்பதைக் கட்டடத்தைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தரைப்பலகை உளுத்திருக்கும், தனியாகப் போகாதீர்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும், பறவை, வௌவால் எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். முகமூடியும் கையுறையும் கட்டாயம். எதையும் தோண்டாதீர்கள், பெயர்க்காதீர்கள்.

வெளி நீள அகலம், சுவர் உயரம், ஒவ்வொரு சன்னலின் அளவு, இரண்டு சன்னலுக்கு நடுவே உள்ள தூரம், எல்லாவற்றையும் அளந்து கையால் வரையுங்கள். பிறகு காலம் காட்டும் அடையாளங்களைத் தேடுங்கள்.

ஆணி: தகட்டிலிருந்து வெட்டிய, சதுர முனை கொண்ட ஆணி 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு உரியது. உருண்டைக் கம்பி ஆணி 1890களில் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரே இடத்தில் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஏனெனில் பழுதுபார்த்தவர் புதிய ஆணி அடித்திருப்பார். கூரைச் சட்டம், தரைத் தாங்கி, சன்னல் சட்டம் என மூன்று இடத்திலாவது பாருங்கள். பழைய மரத்தைத் திரும்பப் பயன்படுத்தியிருந்தால் பயனற்ற துளைகள் இருக்கும். முந்தைய பள்ளியைப் பிரித்துக் கட்டியதற்கு அது சான்றாகலாம்.

சன்னல்: இரு பக்கமும் சமமாகச் சன்னல் வைப்பது 19ஆம் நூற்றாண்டு வழக்கம். எதிரெதிரே வெளிச்சம் வந்தால் கண் கெடும், எழுதும் கையின் நிழல் விழும் என்று சொல்லி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்விச் சீர்திருத்தக்காரர்கள் பிள்ளைகளின் இடப்பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அதனால் ஒரு பக்கம் நெருக்கமாக ஐந்தாறு சன்னல், மறுபக்கம் வெறும் சுவர் என்று இருந்தால் ஒன்று அது 1910-20களின் கட்டடம், அல்லது அந்தக் காலத்தில் மாற்றப்பட்டது. மாற்றியிருந்தால் வெறும் சுவரின் பலகைகளில் பழைய சன்னலை அடைத்த செங்குத்து இணைப்புக் கோடு தெரியும்.

கணப்பு: அறை நடுவில் நின்ற இரும்பு அடுப்பின் புகைக்குழாய்த் துளை கூரையில் இருக்கும். பிற்காலத்தில் மூலையில், தகரச் சட்டை போர்த்தி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குழாயோடு கணப்பு வைத்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் சதுரத் துளையும் அருகே கருகிய தரையும் இருந்தால் அது இந்த இரண்டாவது வகை.

மின்கம்பி: 1936ஆம் ஆண்டு கிராம மின்மயச் சட்டத்துக்கு முன் புல்வெளிப் பள்ளிகளில் மின்சாரம் அரிது. பீங்கான் தாங்கிகளில் கம்பி ஓடியிருந்தால் கட்டடத்தின் வயது தெரியாது. மின்சாரம் வந்தபோது பள்ளி உயிரோடு இருந்தது என்பது தெரியும்.

கரும்பலகை வெறும் பலகையில் கறுப்பு பூசியதா, கல்லா என்று பாருங்கள். கல் பலகையின் பின்னால் பூசிய பழைய பலகை அப்படியே இருக்கக்கூடும். அடித்தளக் கல்லில் ஆண்டு பொறித்திருந்தால் அந்தக் கல் முந்தைய கட்டடத்திலிருந்து வந்ததா என்று ஏட்டோடு ஒப்பிடுங்கள். கல்லால் கட்டியவை இடம் மாறாதவை என்பதால் தேடுகிறவருக்கு வேலை எளிது: கன்சாஸ் டால்கிராஸ் தேசியப் புல்வெளிக் காப்பகத்தில் இருக்கும் லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளி 1882இல் சுண்ணாம்புக் கல்லில் எழும்பியது, 1930 வரை வகுப்பு நடந்தது, இன்றும் அதே மேட்டில் நிற்கிறது. புல்தரை மண்வீடுகள் ஒரு சில ஆண்டிலேயே கரைந்தன. அவற்றுக்குத் தடயமாகத் தரையில் ஒரு சின்ன மேடு மிஞ்சினாலே அதிர்ஷ்டம்.

வெளியே, பின்பக்க மூலைகளில் இரண்டு பள்ளங்கள் ஆண், பெண் கழிப்பறை இருந்த இடங்கள். நேர்வரிசையில் நிற்கும் பழைய மரங்கள் பள்ளி எல்லையைக் காட்டும். கிணறு இல்லையென்றால் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாளியில் தண்ணீர் வந்திருக்கும். எந்தப் பண்ணை என்று பழைய மாணவர்களைக் கேளுங்கள்.

செய்தித்தாள், மக்கள் கணக்கெடுப்பு, படம்

கவுண்டி வார இதழ்களில் ஊர்ச் செய்திப் பத்தி இருக்கும். பள்ளிப் பெயரைவிட ஊர்ப் பத்தியின் பெயரால் தேடுவது நல்லது. ஒரே பள்ளிக்கு ஊரார் நாலு பெயர் வைத்திருப்பார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இலவசச் செய்தித்தாள் தொகுப்பில் தொடங்கி, இணையத்தில் ஏறாதவற்றுக்கு மாநில வரலாற்றுக் கழகத்தின் நுண்படச் சுருளுக்குப் போங்கள்.

கூட்டரசு மக்கள் கணக்கெடுப்பில் அந்த ஆண்டு பள்ளி சென்றவரா என்ற பத்தி உண்டு. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீயில் பாழானது. அந்த இடைவெளியைப் பள்ளிக் கணக்கெடுப்பு ஏடு நிரப்பும். 72 ஆண்டுக் கட்டுப்பாடு முடிந்து 1950 கணக்கெடுப்பு 2022இல் வெளியானது. கடைசித் தலைமுறை மாணவர்களின் குடும்பங்களை அதில் பார்க்கலாம்.

வகுப்புப் படம் அஞ்சலட்டையாக இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்ட அட்டை அமெரிக்காவில் 1907 மார்ச்சுக்குப் பிறகு வந்தது. முன்பக்கப் படத்தில் பிள்ளைகள் பிடித்திருக்கும் சிலேட்டில் ஆண்டு எழுதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் மணிக்கூண்டு, சன்னல் எண்ணிக்கை, கொடிக்கம்பம் ஆகியவற்றை உங்கள் கட்டட ஏட்டோடு ஒப்பிடுங்கள். அதேபோல் ஆண்டு முடிவில் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த அச்சிட்ட நினைவு அட்டைகளைத் தேடுங்கள். பள்ளி, டிஸ்டிரிக்ட் எண், டவுன்ஷிப், ஆசிரியர், குழுவினர், மாணவர் பெயர்கள், ஆண்டு, எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும். இவ்வளவு தெளிவான சான்று வேறெங்கும் கிடைக்காது.

நீதிமன்றத் தீர்ப்புகளையும் விடாதீர்கள். முன்பு சொன்ன டேனியல் ஃப்ரீமன், வகுப்பில் ஆசிரியை விவிலியம் வாசித்து, பாடி, ஜெபம் நடத்தியதை எதிர்த்துப் பள்ளிக் குழுமீது வழக்குப் போட்டார். 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நாள் வகுப்பறையில் என்ன நடந்தது என்பதைக் கூட்டக் குறிப்பைவிட வழக்குச் சாட்சியம் விரிவாகச் சொல்லும்.

கறுப்பினக் குடியேறிகளின் பள்ளிகளுக்குத் தனி வழிகள் உண்டு. கன்சாஸில் 1877இல் தொடங்கிய நிக்கடீமஸ் ஊரின் முதலாம் எண் டிஸ்டிரிக்ட் பள்ளி (இன்றுள்ள கட்டடம் 1918) தேசிய வரலாற்று இடமாகக் காக்கப்படுகிறது. தெற்கு மாநிலங்களில் தேடுகிறவர்கள் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ரோசன்வால்ட் தரவுத்தளத்தில் (ரோசன்வால்ட் நிதி உதவியால் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிகளின் பட்டியல்) தொடங்கலாம். ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் பதிவு, பலவற்றுக்குப் படத்தோடு, அங்கே இருக்கிறது.

நேர்காணல்

“பள்ளி எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்றுதான் பதில் வரும். வெற்றுத்தாளைக் கொடுத்து அறையை வரையச் சொல்லுங்கள். கணப்பு எங்கே, தண்ணீர் வாளி எங்கே, உங்கள் பெஞ்ச் எது, பக்கத்தில் யார்? கை வரைய வரைய நினைவு வரும். காலையில் தீ மூட்டியது யார், மதிய உணவு எதில் வந்தது, வீட்டில் வேறு மொழி பேசிய பிள்ளை முதல் நாள் என்ன செய்தது, ஆசிரியர் யார் வீட்டில் தங்கினார் என்று குறிப்பாகக் கேளுங்கள். தேதிக்கு நேர்காணலை நம்பாதீர்கள். அதை ஏட்டிலிருந்து எடுங்கள். ஒலிப்பதிவுக்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குங்கள்.

நம்பக் கூடாதவை

“1872 ஆசிரியர் விதிகள்” என்ற பட்டியல் எத்தனையோ பள்ளி அருங்காட்சியகங்களில் தொங்குகிறது. ஆண் ஆசிரியர் வாரத்தில் ஒரு மாலை பெண் பார்க்கப் போகலாம், முடிதிருத்தும் கடையில் சவரம் செய்தால் சந்தேகம் வரும் என்றெல்லாம் இருக்கும். ஒவ்வொரு ஊரும் தன்னுடையது என்கிறது. மூல ஆவணத்தை யாரும் காட்டியதில்லை. உங்கள் டிஸ்டிரிக்ட்டின் உண்மையான ஆசிரியர் ஒப்பந்தம் கிடைத்தால் அதைப் போடுங்கள், அது எவ்வளவு வறட்சியாக இருந்தாலும்.

1888 ஜனவரி 12 பனிப்புயலும் அப்படித்தான். நெப்ராஸ்கா, டகோட்டா பகுதியில் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். மொத்தம் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண். நெப்ராஸ்காவின் மைரா வேலியில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை தன் மாணவர்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது உண்மை. அவர்களைக் கயிற்றால் பிணைத்தாரா, எத்தனை பேர் என்பதில் கணக்குகள் மாறுகின்றன. உங்கள் பள்ளிக்கும் ஒரு பனிப்புயல் கதை இருக்கும். அந்தத் தேதியின் வருகைப் பதிவேட்டையும் அடுத்த வார இதழையும் பார்க்காமல் அதை நடந்ததாக எழுதாதீர்கள். “ஊரார் இப்படிச் சொல்கிறார்கள்” என்று எழுதலாம்.

மூடிய ஆண்டும் எழுதும் விதமும்

முடிவுக்கும் மூன்று தேதி உண்டு: கடைசி வகுப்பு, டிஸ்டிரிக்ட் கலைந்த நாள், கட்டடம் கைமாறிய நாள். மாநிலச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால் தேட வேண்டிய ஆண்டு குறுகும். கன்சாஸில் 1963 ஒருங்கிணைப்புச் சட்டம். அயோவாவில் 1966 ஜூலை 1க்குள் எல்லாப் பகுதியும் உயர்நிலைப் பள்ளி உள்ள டிஸ்டிரிக்ட்டில் சேர வேண்டும் என்ற கட்டளை. நெப்ராஸ்காவில் தொடக்கப்பள்ளி மட்டும் நடத்திய டிஸ்டிரிக்ட்டுகளைக் கலைத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம். 2006 நவம்பரில் வாக்காளர்கள் அந்தக் கடைசிச் சட்டத்தை நிராகரித்தபோது டிஸ்டிரிக்ட்டுகள் ஏற்கெனவே கலைந்துவிட்டிருந்தன. சட்டம் வருமுன்பே பிள்ளைகள் இல்லாமல் மூடியவைதான் அதிகம். ஆகவே சட்டத்தின் ஆண்டை உங்கள் பள்ளியின் ஆண்டாக்கிவிடாதீர்கள்.

எழுதும்போது தேதியை இப்படிப் பிரித்துப் போடுங்கள்: “டிஸ்டிரிக்ட் அமைந்தது 1871 (கண்காணிப்பாளர் ஏடு). முதல் கட்டடம் இதே செக்‌ஷனின் மேற்குப் பக்கம், 1884க்கு முன். இன்றைய கட்டடம் 1919 (கடன் பத்திர வாக்கெடுப்பு, பொருளாளர் கணக்கு). கடைசி வகுப்பு 1952 மே (வருகைப் பதிவேடு).” சான்று இல்லாத இடத்தில் “முன்”, “பின்”, “அளவில்” என்று எழுதத் தயங்க வேண்டாம்.

தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் சேர்க்க நினைத்தால் இரண்டை முன்கூட்டிப் பாருங்கள். கட்டடத்துக்குப் பொதுவாக 50 வயது ஆகியிருக்க வேண்டும். இடம் மாற்றிய கட்டடம் சாதாரணமாகத் தகுதி பெறாது. பெற வேண்டுமானால் தனிக் காரணம் காட்ட வேண்டும். மனை ஏட்டையும் கட்டட ஏட்டையும் பிரித்து வைத்திருந்தால் இந்த விண்ணப்பத்தில் பாதி வேலை முடிந்தது.

வேலை முடிந்ததும் நான்கு ஏடுகளின் பிரதியையும் ஒலிப்பதிவுகளையும் கவுண்டி அருங்காட்சியகத்துக்கு ஒன்று, மாநில வரலாற்றுக் கழகத்துக்கு ஒன்று, நிலத்தின் இன்றைய உரிமையாளருக்கு ஒன்று என்று கொடுங்கள். பரணில் கண்டெடுத்த மூலக் குறிப்பேட்டைக் குடும்பம் விட்டுக்கொடுக்க மறுத்தால் வற்புறுத்தாமல், பக்கம் பக்கமாக வெளிச்சத்தில் படமெடுத்து, கடைசி வெற்றுப் பக்கங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடிந்தபின் எழுத்தர்கள் அங்கேதான் பின்பக்கத்திலிருந்து நூலகப் புத்தகப் பட்டியலும் நிலக்கரிக் கணக்கும் எழுதுவார்கள்.